501-ஆவது யூனிட்டின் விலை 243 ரூபாய்

தமிழ்நாட்டில் ஒரு வீடு இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் செலவழித்தால் கரண்ட் பில் 1,805 ரூபாய். 501 யூனிட் ஆனால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒற்றை யூனிட்டுக்கு மட்டும் 243 ரூபாய் 40 காசு. பழைய சீலிங் ஃபேன் ஒன்று பதின்மூன்று மணி நேரம் சுற்றினாலே ஒரு யூனிட் ஆகிவிடும்.

மின்செலவைக் குறைக்க வாட்ஸ்அப்பில் சுற்றும் யோசனைகள் எல்லா வீட்டுக்கும் ஒரே பட்டியலைத்தான் நீட்டுகின்றன: பல்பை மாற்று, சார்ஜரைப் பிடுங்கு, ஃப்ரிட்ஜைத் திறந்து வைக்காதே. அந்த வீடு எந்த ஸ்லாபில், அதாவது எந்தக் கட்டணப் படியில், நிற்கிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. 90 யூனிட் ஓடும் வீட்டில் பத்து யூனிட் குறைத்தால் மிச்சம் பூஜ்யம். 150 யூனிட் வீட்டில் அதே பத்து யூனிட்டுக்கு 23 ரூபாய் 50 காசு மிச்சமாகும். 900 யூனிட் வீட்டில் 105 ரூபாய். 505 யூனிட் வீட்டிலோ 300 ரூபாயைத் தாண்டும். எதை மாற்றலாம், எதற்குக் காசு போடலாம் என்ற கேள்விகளுக்கு அதன் பிறகுதான் விடை வரும்.

கட்டணம் ஏறும் விதம்

2016 மே மாதம் முதல் எல்லா வீடுகளுக்கும் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் 10-இல் வந்த கட்டண மாற்றத்தில் வீடுகளுக்கான நிலைக் கட்டணம் எடுக்கப்பட்டு, இன்றைய ஸ்லாப் அமைப்பு வந்தது. 2024 ஜூலை 1-இல் விகிதங்கள் உயர்ந்தன. 2025 ஜூலையில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அறிவித்த 3.16% உயர்வை வீடுகளுக்கு மட்டும் அரசே ஏற்றுக்கொண்டது. கீழே உள்ள கணக்குகள் எல்லாம் வீடுகள் செலுத்தும் 2024 ஜூலை விகிதத்தில் போட்டவை. விகிதம் மாறினால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், கணக்கு போடும் முறை மாறாது.

மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால்: 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30.

500-ஐத் தாண்டினால்: 101 முதல் 400 வரை எல்லாமே 4.70, 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55.

இரண்டு வரிகளுக்கும் நடுவில்தான் குழி இருக்கிறது. 500-ஐத் தாண்டியதும் இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகை பின்தேதியிட்டுப் பறிபோகிறது. அது 235 ரூபாய். 501-ஆவது யூனிட்டின் சொந்த விலை 8.40. இரண்டும் சேர்ந்ததுதான் 243.40. இலவச 100 யூனிட்டும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது போவதில்லை. எத்தனை யூனிட் ஓடினாலும் முதல் நூறு இலவசமே.

மொத்தத் தொகைகள் இப்படி வரும்:

200 யூனிட்: 235 ரூபாய்
300 யூனிட்: 705
400 யூனிட்: 1,175
500 யூனிட்: 1,805
600 யூனிட்: 2,880
800 யூனிட்: 4,770
1000 யூனிட்: 6,870

400-லிருந்து 800-க்குப் போனால் மின்சாரம் இரண்டு மடங்கு, பில் நான்கு மடங்கு. பில்லை யூனிட்டால் வகுத்து “எங்களுக்குச் சராசரி மூன்று ரூபாய்தான் விழுகிறது” என்று கணக்குப் போடுவது இங்கே உதவாது. ஒரு பொருளை வாங்கலாமா, நிறுத்தலாமா என்று முடிவெடுக்கும்போது பார்க்க வேண்டியது கடைசி யூனிட்டின் விலையை. 600 யூனிட் வீட்டின் சராசரி விலை 4.80 ரூபாய். அதே வீடு நூறு யூனிட் குறைத்தால் யூனிட்டுக்கு 10.75 ரூபாய் வீதம் மிச்சமாகிறது.

ரீடிங் தேதிதான் இங்கே ஸ்மார்ட் கட்டணம்

இங்கிலாந்து போன்ற இடங்களில் மின்சாரம் எந்த மணியில் ஓடுகிறது என்பதை வைத்து விலை மாறும் திட்டங்கள் வீடுகளுக்கு உண்டு. தமிழ்நாட்டு வீட்டு மீட்டருக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். நேரத்துக்குப் பதிலாக இங்கே நாள்தான் விலையை நிர்ணயிக்கிறது: கணக்கீட்டாளர் ரீடிங் எடுக்கும் நாள்.

முந்தைய பில்லிலோ, குறுஞ்செய்தியிலோ, மின்வாரியத்தின் செயலியிலோ கடைசி ரீடிங்கும் தேதியும் இருக்கும். இரண்டையும் மீட்டர் பெட்டிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டிவிடலாம். முப்பதாவது நாளும் ஐம்பதாவது நாளும் மீட்டரைப் பார்த்தால் போதும். மீட்டர் திரை தானாகவே பல எண்களைக் காட்டிச் சுழலும். வோல்டேஜ், ஆம்பியர், உச்சத் தேவை எல்லாம் வரும். நமக்கு வேண்டியது கிலோவாட் மணி (kWh, அதுதான் யூனிட்) என்று குறிக்கப்பட்ட பெரிய எண் மட்டும். அதிலிருந்து கடைசி ரீடிங்கைக் கழித்தால் முப்பதாவது நாளில் 250-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 265 என்றால் இன்னும் திருத்திக்கொள்ள ஒரு மாதம் கையில் இருக்கிறது.

ஐம்பத்தைந்தாம் நாள் 480 என்று நின்றால் கடைசி ஐந்து நாளில் தள்ளிப்போடக்கூடியவை எவை என்று பார்க்க வேண்டும். துணி தேய்ப்பது, போர்வை துவைப்பது, இரண்டு இரவு ஏ.சி. எல்லாம் அதில் வரும். ரீடிங் எடுத்த மறுநாள் அதே வேலையைச் செய்தால் அந்த யூனிட் புதிய கணக்கில் மலிவான ஸ்லாபில் போய் விழும். மின்சாரம் குறையவில்லை, செலவு மட்டும் குறைகிறது. ஆனால் 560 யூனிட்டில் நிற்கும் வீடு கடைசி வாரம் அவஸ்தைப்பட்டு எதுவும் ஆகப்போவதில்லை. விளிம்பில் நிற்பவர்களுக்கான உத்தி இது.

ரீடிங் தாமதமானால்? தினம் 8 யூனிட் ஓடும் வீடு 60 நாளில் 480 யூனிட், 1,679 ரூபாய். கணக்கீட்டாளர் ஆறு நாள் தாமதித்தால் 528 யூனிட், 2,275 ரூபாய். 596 ரூபாய் போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றும். அடுத்த சுற்று 54 நாளில் முடியும்போது 432 யூனிட்டுக்கு 1,377 ரூபாய் வரும். இரண்டு பில்லையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான நஷ்டம் சுமார் 294 ரூபாய். அதுவும் சும்மா விடும் தொகையல்ல. உங்கள் கையில் தேதியோடு எடுத்த மீட்டர் படம் இருந்தால் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் பேசுவதற்கு ஓர் ஆதாரம் இருக்கும்.

மாதாந்திரக் கணக்கீடு வந்தால் பில் இறங்கும் என்பது பரவலான நம்பிக்கை. ஸ்லாப்களையும் பாதியாக வெட்டிவிட்டு மாதந்தோறும் கணக்கெடுத்தால், ஒரு மாதம் 150, மறுமாதம் 400 என்று ஓடும் வீட்டுக்குச் சுமார் 280 ரூபாய் கூடத்தான் ஆகும். இரண்டு மாதக் கணக்கில் சிக்கன மாதம் செலவு மாதத்தைத் தாங்கிக்கொள்கிறது. ரீடிங் தாமதத்தின் பாதிப்பு குறைவதும், பில்லைச் சீக்கிரம் பார்த்துத் திருந்த முடிவதும்தான் மாதக் கணக்கீட்டின் உண்மையான பலன்கள்.

மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கு

எந்தப் பொருள் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 1600, 3200, 6400 என்று மீட்டருக்கு மீட்டர் மாறும். 3200 என்றால் சிவப்பு விளக்கு 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். பத்து மினுக்கலுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பிடியுங்கள். 3200 மீட்டரில் 11,250-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். 45 விநாடி என்றால் 250 வாட். ஒரு பொருளை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தால் வித்தியாசம்தான் அந்தப் பொருளின் பங்கு. ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் நின்று நின்று ஓடுவதால் இந்த முறை அதற்குச் சரிவராது. இரவில் மற்றதை எல்லாம் அணைத்து, படுக்கும்போதும் எழும்போதும் ரீடிங் எடுக்க வேண்டும்.

இதில் முதலில் பிடிக்க வேண்டியது இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுபவற்றை. இரண்டு மாதம் என்பது 1,440 மணி நேரம். ஆகவே விடாமல் ஓடும் ஒவ்வொரு வாட்டுக்கும் இரு மாதத்தில் 1.44 யூனிட். பத்து வாட் இழுக்கும் செட்டாப் பாக்ஸ் 14 யூனிட். எட்டு வாட் ரவுட்டர் பதினோரு யூனிட்டுக்கு மேல். டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டுச் செட்டாப் பாக்ஸை உயிரோடு விடும் வீடுகளே அதிகம். கைப்பேசி சார்ஜரைப் பிடுங்கச் சொல்வது வீண் உபதேசம். சும்மா செருகியிருக்கும் இன்றைய சார்ஜர் கால் வாட் கூட இழுப்பதில்லை.

யாரும் சந்தேகிக்காத ஒன்று வீட்டு இன்வெர்ட்டர். பேட்டரி நிறைந்த பிறகும் அதை நிறைவாகவே வைத்திருக்க மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். பேட்டரி பழசானால் இந்த அளவு கூடும். முப்பது வாட் என்றாலே இரு மாதத்தில் 43 யூனிட். டிஸ்டில்டு வாட்டரை அடிக்கடி ஊற்ற வேண்டியிருக்கிறது, பேட்டரி தொட்டால் சுடுகிறது என்றால் மின்சாரம் வெந்நீராகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இன்வெர்ட்டரின் சுவர் சுவிட்சை அணைத்து, அப்போது பேட்டரியில் ஓடத் தொடங்கும் ஃபேன், லைட்டுகளையும் அணைத்துவிட்டு மினுக்கலை எண்ணினால் உண்மை தெரியும். மின்வெட்டு அபூர்வமாகிவிட்ட ஊரில் ஆறு வயதுப் பேட்டரியைச் சார்ஜில் வைத்துக் காப்பாற்றுவது லாபமா என்று யோசிக்கலாம்.

எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் விளக்கு மினுக்கினால்? மெயினையும் இறக்குங்கள். மெயினை இறக்கியதும் நின்றால் வீட்டுக்குள் ஏதோ மறைவாக ஓடுகிறது, அல்லது ஒயரிங்கில் கசிவு இருக்கிறது. மெயினை இறக்கியும் மினுக்கினால் அது வேறு விவகாரம். அதைப் பிறகு பார்ப்போம்.

கோடையும் ஏ.சி.யும்

சாதாரண மாதங்களில் 400 யூனிட் ஓடும் வீடு. ஏப்ரல், மே இரண்டு மாதமும் இரவில் எட்டு மணி நேரம் ஒன்றரை டன் ஏ.சி. ஓடுகிறது. ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏ.சி.யின் லேபிளில் 1,600 மணி நேரத்துக்கான ஆண்டு யூனிட் அச்சிட்டிருக்கும். 800 என்று இருந்தால் மணிக்குச் சராசரி அரை யூனிட். 480 மணி நேரத்துக்கு 240 யூனிட். பில் 1,175-லிருந்து 3,258-க்கு ஏறும். அதாவது ஏ.சி.யின் மின்சாரம் யூனிட்டுக்கு 8.68 ரூபாய் விழுகிறது. மற்றதெல்லாம் மலிவு ஸ்லாபைப் பிடித்துக்கொள்ள, கடைசியாக வந்து சேர்வது உச்ச விலையைத் தாங்குகிறது. 640-ஐ 500-க்குள் கொண்டுவர முடிந்தால் 1,453 ரூபாய் மிச்சம். அதற்கு 140 யூனிட் குறைய வேண்டும். எங்கிருந்து?

புதிய ஏ.சி.க்களில் 24 டிகிரி தொடக்க அளவாக இருக்க வேண்டும் என்று 2020 முதல் விதி இருக்கிறது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6% குறையும் என்பது எரிசக்தித் திறன் வாரியம் சொல்லும் கணக்கு. 24-லிருந்து 26-க்கு ஏற்றி ஃபேன் போடுங்கள் என்பார்கள். அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு டிகிரிக்கு 12%, 240 யூனிட்டில் 29 யூனிட் மிச்சம். 75 வாட் பழைய ஃபேனை முழு வேகத்தில் எட்டு மணி நேரம் போட்டால் இரு மாதத்தில் 36 யூனிட் செலவு. லாபமே இல்லை! அதே இடத்தில், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 14 யூனிட், அப்போதுதான் யோசனை பலிக்கும். பழைய ஃபேனை விட்டால் வழியில்லை என்றால் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் இரண்டாம் எண்ணில் வைக்கலாம்.

விடியற்காலை நான்கு மணிக்கு ஏ.சி. தானாக நிற்கும்படி டைமர் வைத்தால் அறை ஆறு மணி வரை தாங்கும். இரண்டு மணி நேரம் குறைந்தால் இரு மாதத்தில் 40 யூனிட்டுக்குக் குறையாமல் மிச்சம். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவுவதும், வெளி யூனிட்டின் பின்பக்கம் காற்றுப் போக இடம் விடுவதும் காசில்லாத வேலைகள். கதவின் அடி இடுக்கை அடைப்பதும் அப்படியே.

மேல்மாடி அறையில் இதெல்லாம் பாதிதான் உதவும். பகல் முழுக்க வெயிலை உறிஞ்சிய காங்கிரீட் தளம் இரவு பன்னிரண்டு மணி வரை சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும், ஏ.சி. அந்தத் தளத்தோடுதான் மல்லுக்கட்டுகிறது. மொட்டைமாடிக்கு வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சோ வெள்ளை ஓடோ போடுவதுதான் அங்கே முதல் செலவாக இருக்க வேண்டும். புதிய ஏ.சி. அதற்குப் பிறகு.

கம்ப்ரசர் ஒரே வேகத்தில் ஓடும் பழைய நிலை வேக ஏ.சி. வேறு ரகம். கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் 1.6 முதல் 1.8 கிலோவாட் வரை இழுக்கும், மணிக்கு ஒரு யூனிட்டைச் சாதாரணமாகத் தொடும். தினமும் எட்டு மணி நேரம் ஓட்டுபவர்களுக்கு மாற்றுவது சரி. விருந்தினர் வரும்போது மட்டும் ஓடும் அறையில் அதை அப்படியே விட்டுவிடலாம்.

ஃபேன், வெந்நீர், அடுப்பு

நாள் முழுக்க ஓடும் ஃபேன்தான் தமிழ்நாட்டு வீடுகளில் சத்தமில்லாமல் அதிகம் தின்பது. 75 வாட்டுக்குப் பதில் 30 வாட், தினம் 15 மணி நேரம் என்றால் ஒரு ஃபேனுக்கு இரு மாதத்தில் 40 யூனிட் குறையும். விலை சுமார் 3,000 ரூபாய். 400 யூனிட் வீட்டில் 40 யூனிட்டின் மதிப்பு 188 ரூபாய். இரண்டரை ஆண்டுக்குச் சற்று மேல் ஆனால் போட்ட காசு திரும்பும். 180 யூனிட் வீட்டில் 94 ரூபாய்தான், ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். 530 யூனிட் வீட்டில் ஒரே ஒரு ஃபேனை மாற்றினாலே பில் 2,292-லிருந்து 1,742-க்கு இறங்கும். ஒரு சுற்றிலேயே 550 ரூபாய்.

மாற்றும்போது தவறு நடப்பது ரெகுலேட்டரில். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு ரிமோட்தான் வேகம் மாற்றும், சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டரைச் சுற்றில் விட்டால் உள்ளிருக்கும் எலெக்ட்ரானிக் பலகை சீக்கிரம் போய்விடும். ரெகுலேட்டரை நீக்கி நேராக இணைக்கச் சொல்லுங்கள். ஹால், படுக்கையறை என்று அதிக நேரம் ஓடும் ஃபேன்களுக்குத்தான் முதல் இடம். பூஜை அறை ஃபேனை மாற்றிக் காசு வராது.

ஹீட்டர் கணக்கு நேரடியானது. 18 லிட்டர் வாளியை 27 டிகிரியிலிருந்து 42-க்குச் சூடாக்க 0.31 யூனிட். நான்கு பேருக்கு இரு மாதத்தில் 75 யூனிட். தொட்டி ஹீட்டரில் தெர்மோஸ்டாட்டை 70-லிருந்து 50-க்கு இறக்கி, குளிப்பதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் போட்டு, குளிக்கும் முன் அணைத்தால் தேங்கி ஆறும் வெப்பம் குறையும். போர் தண்ணீரால் காயிலில் படியும் உப்பு மின்செலவை ஏற்றும் என்று சர்வீஸ்காரர்கள் சொல்வது மிகை. சூடாக நேரம் பிடிக்கும், காயில் சீக்கிரம் எரிந்துபோகும் என்பது உண்மை. வெப்பம் கடைசியில் தண்ணீருக்குள்தான் போகிறது.

இண்டக்‌ஷன் அடுப்பு லாபமா என்ற கேள்விக்கும் ஸ்லாப்தான் பதில். 14.2 கிலோ சிலிண்டரின் வெப்பம் சுமார் 180 யூனிட்டுக்குச் சமம். கேஸ் அடுப்பில் அதில் 60% பாத்திரத்துக்குப் போகிறது என்று கொண்டால் 108 யூனிட். இண்டக்‌ஷனில் 85% போகும். ஆக ஒரு சிலிண்டர் வேலையை 127 யூனிட் செய்யும். யூனிட் 4.70 என்றால் 600 ரூபாய், 6.30 என்றால் 800, 8.40 என்றால் 1,070. சிலிண்டர் 900 ரூபாய் அளவில் விற்கும்போது 350 யூனிட் வீட்டுக்கு இண்டக்‌ஷன் லாபம், 550 யூனிட் வீட்டுக்கு நஷ்டம். கோடையில் கேஸ், மற்ற மாதங்களில் இண்டக்‌ஷன் என்று மாற்றி மாற்றி ஓட்டுவதும் நியாயமான கணக்கே.

மிக்ஸி, கிரைண்டர் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் ஆட்டினால் 0.08 யூனிட். ஒரு குதிரைத்திறன் மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்கு மேல், மாடித் தொட்டி வழிந்து பத்து நிமிடம் கூட ஓடுவதே தினசரி இழப்பு. நிரம்பியதும் தானே நிற்கும் சுவிட்ச் போட்டால் தீர்ந்தது. சோக் வைத்த பழைய டியூப்லைட் 50 வாட்டுக்கு மேல், எல்.இ.டி. பட்டை 20 வாட், இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

“பவர் சேவர்” என்று பிளக்கில் செருகும் பெட்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். உள்ளே இருப்பது ஒரு சிறிய கெபாசிட்டரும் ஒரு பச்சை விளக்கும். அது பவர் ஃபேக்டரைக் கொஞ்சம் திருத்தும். வீட்டு மீட்டர் பவர் ஃபேக்டருக்குக் காசு வாங்குவதில்லை, கிலோவாட் மணிக்குத்தான் வாங்குகிறது. எண்ணிக்கை ஒரு யூனிட்கூடக் குறையாது.

இரண்டு மீட்டர், ஒரே நியூட்ரல்

மேலே மகன், கீழே பெற்றோர், இரண்டு இணைப்பு என்று இருக்கும் வீடுகளில் திடீரென்று ஒரு மீட்டர் எகிறுவதற்கு ஒரு காரணம் உண்டு. திருட்டைத் தடுக்க இங்குள்ள மீட்டர்கள் மின்சாரம் வரும் ஃபேஸ், திரும்பிப் போகும் நியூட்ரல் இரண்டு கம்பியின் மின்னோட்டத்தையும் அளக்கும். எது அதிகமோ அதை வைத்துக் கணக்கிடும். மேல்வீட்டு ஃபேஸில் ஓடும் ஏ.சி.யின் நியூட்ரல் எங்கோ ஒரு சந்திப்புப் பெட்டியில் கீழ்வீட்டு நியூட்ரலோடு சேர்ந்திருந்தால், மேல் மீட்டர் ஃபேஸைப் பார்த்து எண்ணும், கீழ் மீட்டர் நியூட்ரலைப் பார்த்து எண்ணும். ஒரே மின்சாரத்துக்கு இரண்டு இடத்தில் பில். இன்வெர்ட்டர் ஒயரிங் செய்யும்போது இந்தக் கலப்பு அடிக்கடி நடக்கிறது.

அறிகுறிகள் மூன்று. மீட்டரில் எர்த் என்றோ இ.எல். என்றோ குறித்த விளக்கு எரியும். கீழ்வீட்டு மெயினை இறக்கிய பிறகும், மேலே ஏதாவது ஓடும்போது கீழ் மீட்டர் மினுக்கும். மெயின் சுவிட்ச் ஃபேஸை மட்டும் துண்டிப்பதாக இருந்தால்தான் இது தெரியும். மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தினால் அது நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும். அது தொல்லை என்று எலெக்ட்ரீஷியன் கழற்றி வீசிவிட்டுப் போவதுண்டு. உயிர் காக்கும் கருவியை எடுத்துவிட்டு ஒயரிங் தவறை அப்படியே விடும் வேலை அது. நியூட்ரல்களைப் பிரித்துக் கட்டச் சொல்ல வேண்டும், அரை நாள் வேலை. வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தும் மெயினை இறக்கியபின் மினுக்கினால் கட்டணம் செலுத்தி மீட்டரைச் சோதிக்கக் கேட்கலாம்.

இலவச நூறு யூனிட்டுக்காக ஒரே குடும்பம் இரண்டு இணைப்பு வைத்திருப்பது இப்போது சிக்கலில் முடியும். தனிச் சமையலறை, தனி வாசல் உள்ள உண்மையான இரண்டு குடும்பங்களுக்குத்தான் அது.

நேரக் கட்டணம் வந்தால்

2023 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட விதித் திருத்தம், விவசாயம் தவிர மற்ற நுகர்வோருக்கும் நேரத்துக்கு ஏற்ற கட்டணத்தை 2025 ஏப்ரலுக்குள் கொண்டுவரச் சொன்னது. ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய இணைப்புக்கே அது பொருந்தும். வெயில் நேரத்தில் குறைந்தது 20% குறைவு, உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10% கூடுதல் என்பது அதன் எலும்புக்கூடு. பக்கத்துக் கேரளத்தில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் வீடுகளுக்கு 2025 முதல் காலை 6 முதல் மாலை 6 வரை 90%, மாலை 6 முதல் இரவு 10 வரை 125%, மற்ற நேரம் சாதாரண விலை. மகாராஷ்டிரத்தில் 2025 ஜூலையில் ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்குக் காலை 9 முதல் மாலை 5 வரை யூனிட்டுக்கு 80 காசு தள்ளுபடி தொடங்கியது. தமிழ்நாட்டில் தி. நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் சோதனையாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன.

இங்கே 20% பகல் தள்ளுபடி வந்தால் என்ன கிடைக்கும்? துவைப்பது, தேய்ப்பது, மோட்டார், மின் ஸ்கூட்டர் சார்ஜ் எல்லாவற்றையும் பகலுக்கு மாற்றினால் ஒரு சாதாரண வீட்டில் இரு மாதத்துக்கு 70 யூனிட் நகரலாம். 4.70 ரூபாயில் 20% என்றால் 94 காசு. மொத்தம் 66 ரூபாய். 510-லிருந்து 500-க்கு இறங்குவதில் கிடைக்கும் 319 ரூபாயோடு இதை ஒப்பிட வேண்டும். வேலைக்குப் போகும் இருவர் உள்ள வீட்டில் உச்ச நேரம்தான் சமையல், ஏ.சி., டிவி எல்லாம் ஓடும் நேரம். அவர்களுக்குத் தள்ளுபடியைவிடக் கூடுதல் கட்டணம்தான் பெரிதாக வரும். டைமர் வைத்த ஹீட்டரும், இரவு பத்துக்குப் பிறகு போடும் ஏ.சி.யும் மட்டும் எளிதாக நகரும்.

கூரையில் சோலார்

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதமும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும், தினம் நான்கு யூனிட் வரும், இரு மாதத்தில் 240.

மானியம் போக ஒரு கிலோவாட்டுக்கு 35,000 ரூபாய் கைக்காசு என்று வைப்போம். நாம் கம்பிக்கு அனுப்பும் சோலார் மின்சாரத்தைக் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டரில் நிகர யூனிட்டுக்கு ஸ்லாப் போடும்போது, 740 யூனிட் வீடு 500-க்கு இறங்கி இரு மாதத்துக்கு 2,398 ரூபாய் மிச்சப்படுத்தும், இரண்டரை ஆண்டில் காசு திரும்பும். 400 யூனிட் வீடு 160-க்கு இறங்கி 1,034 ரூபாய் மிச்சப்படுத்தும், ஐந்தரை ஆண்டு ஆகும். 200 யூனிட் வீட்டுக்கு மொத்த பில்லே 235 ரூபாய்தான், அங்கே சோலார் விற்க வருபவரிடம் பேச ஒன்றுமில்லை. அதிகம் செலவழிக்கும் வீடும் முழு பில்லையும் பூஜ்யமாக்கும் அளவுக்குப் பேனல் போடத் தேவையில்லை. உச்ச ஸ்லாப்களைத் தின்னும் முதல் ஓரிரு கிலோவாட்டில்தான் லாபம் கொழுத்தது, 2.35 ரூபாய் யூனிட்டை மிச்சப்படுத்தப் போடும் கடைசிப் பேனல் காசைத் திருப்பப் பல ஆண்டு எடுக்கும்.

இந்த விலைகளில் வருவது மின்வாரியக் கம்பியோடு இணைந்தே ஓடும் வகை. தெருவில் கரண்ட் போனால், உச்சி வெயிலிலும், அதுவும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் சேர்க்க வேண்டும், மேலே சொன்ன இரண்டரை ஆண்டுக் கணக்கு அப்போது செல்லாது.